வெட்டுவதற்கு முன்னால் படித்திருக்கலாம்

போன மாதம் நான் முன்பு வேலை பார்த்த பட்டறையிலிருந்து இரண்டு பெண்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்காக ஒரு பயிற்சிப் புத்தகம் தயாரிக்கிறார்களாம். "நீங்க அத்தினி வருஷம் செக்கிங்ல இருந்தீங்களேம்மா, அதையெல்லாம் பாயின்ட் பாயின்ட்டா எழுதிக் குடுங்க" என்றார்கள். ஒன்று முதல் பத்து வரை எண் போட்ட தாளையும் கையில் திணித்தார்கள். நானும் இரண்டு நாள் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றாம் எண்ணுக்கு நேராக எழுத ஆரம்பித்தது பத்தைத் தாண்டிப் பின்பக்கத்துக்குப் போய்விட்டது. என் வேலை பாயின்ட்டுக்குள் அடங்கவில்லை. அதனால் என் இஷ்டத்துக்கு எழுதுகிறேன். வேண்டியதை அவர்கள் பொறுக்கிக்கொள்ளட்டும்.

கிளம்பும்போது அந்தப் பெண்களில் ஒருத்தி ஒரு செய்தி சொன்னாள். இப்போதெல்லாம் வாடிக்கையாளர் கொண்டுவரும் கடிதத்தையோ நாட்குறிப்பையோ வெட்டுவதே இல்லையாம். ஸ்கேன் எடுத்து, நல்ல தாளில் நகல் அச்சிட்டு, அந்த நகலை வெட்டி மாலைக்கான மணி சுருட்டுகிறார்களாம். அசலை உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்களாம். ஏதோ விஞ்ஞானி கண்டுபிடித்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெராக்ஸ் மிஷின் அப்போதும் எங்கள் தெருமுனையில்தான் இருந்தது. பட்டறையில் ஒன்பது பேர் இருந்தோம். ஒருத்திக்கும் தோன்றவில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நான் பஞ்சாலையில் துணி சோதிக்கிற பிரிவில் இருந்தவள். ஓடுகிற துணியில் ஓர் இழை விட்டிருந்தால் கண் தானாக அங்கே போய் நிற்கும். ஆலை நின்றபோது எனக்கு வயது நாற்பத்தைந்து. கண்ணைத் தவிர வேறு முதலீடு இல்லை. முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு மதாம் வாடகைக்கு வீடு பிடித்து நகை செய்ய ஆள் எடுக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். பவுன் நகை என்று நினைத்துத்தான் போனேன். போய்ப் பார்த்தால் கூடம் முழுக்கக் குப்பை. சைக்கிள் டியூப், சோடா மூடி, ரேடியோவின் உள்ளே இருக்கிற பச்சைத் தகடு, பழைய சாவி, காலண்டர் தாள், கல்யாணப் பத்திரிகை. அதற்கு நடுவில் கருப்புச் சேலை கட்டிக்கொண்டு ஒருத்தர் நின்றார். கழுத்தில் டியூபை வட்டவட்டமாக வெட்டிக் கோத்த மாலை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

அவர்தான் மதாம் எலீஸ். பிறந்தது இங்கேதான். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழ்க் குடும்பம். பாரிசில் படித்து, அங்கேயே நகை வடிவமைத்துக்கொண்டிருந்துவிட்டு ஊர் திரும்பியவர். தமிழ் நன்றாகப் பேசுவார். படிக்க வராது, கடைப் பெயர்ப்பலகையோடு சரி. எல்லாரையும் 'நீங்க' என்பார். திட்டும்போதும் 'நீங்க'தான். குரல் உயராது. பிடிக்காத உருப்படியைக் கையிலெடுத்து, மேசையின் இடதுபக்க ஓரத்தில் வைத்து, "ரெஃபேர்" என்று ஒரே ஒரு சொல் சொல்வார். பிறகு அடுத்த உருப்படிக்குப் போய்விடுவார்.

அந்த ஒரு சொல்லால் முதல் மூன்று மாதம் நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் காதில் அது 'ரிப்பேர்' என்று விழுந்தது. சரி, எங்கேயோ பிரிந்திருக்கிறது போல என்று எடுத்துப்போய்ப் பசை தடவி, நூலை இழுத்துக் கட்டி, நன்றாக ரிப்பேர் செய்து கொண்டுவந்து வைப்போம். அவர் பார்ப்பார். மறுபடி இடதுபக்கம். மறுபடி "ரெஃபேர்." நாங்கள் மறுபடி பசை தடவுவோம். ஒரு காதணி ஆறு தடவை இப்படிப் போய்வந்து கொழுக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் அவருக்கே பொறுக்காமல், "பாக்கியம், நீங்க எதுக்கு இதுமேல இவ்ளோ கோந்து தடவுறீங்க?" என்று கேட்டார். "நீங்கதான மதாம் ரிப்பேர் ரிப்பேர்னு சொல்லிக்கினே இருக்கீங்க" என்றேன். அப்போதுதான் தெரிந்தது, அந்தச் சொல்லுக்குப் பிரெஞ்சில் 'முதலிலிருந்து திரும்பச் செய்' என்று பொருளாம். அன்றைக்கு அவர் சிரித்த மாதிரி பிறகு நான் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று மாத உழைப்பு ஒரு டப்பா கோந்தாகப் போயிருந்தது.

பிறகு வேலை பிடிபட்டது. காகித மணிதான் எங்கள் பட்டறையின் பேர் சொன்ன சரக்கு. அதற்கு ஒரு முறை உண்டு. தாளை நீள முக்கோணமாக வெட்டவேண்டும். அகலமான அடிப்பக்கத்தை ஊசியில் வைத்துச் சுருட்டிக்கொண்டே வந்தால் நடு புடைத்து, இரு முனையும் ஒடுங்கி மணியாகும். பசையை மைதாவில் காய்ச்சுவோம், பூச்சி அரிக்காமலிருக்க அதில் துளி மயில்துத்தம். எல்லா ஊரிலும் முக்கோணத்தின் முனையைக் கூராக விடுவார்கள். மதாம் அதைக் கால் அங்குலம் மழுங்கலாக விடச் சொல்வார். அப்படி விட்டால் கடைசியில் வருகிற எழுத்து மணியின் வயிற்றில் வெளியே நிற்கும். எழுதிய தாளாக இருந்தால் ஒரு சொல், அல்லது பாதிச் சொல். பாரிசில் அதற்கு அப்படி ஒரு மவுசு. காய்ந்ததும் வார்னிஷ் இரண்டு கோட். அதன் பிறகு மணியைக் கல்லில் போட்டாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் அதைப் பிரிக்கவும் முடியாது.

முடிந்த மாலையை மதாம் ஒரு நாள் முழுக்கத் தானே போட்டுக்கொண்டு திரிவார். கடற்கரைச் சாலையில் உப்புக்காற்றில் நடப்பார், வியர்ப்பார். சாயந்திரம் கழற்றி என் மேசையில் வைப்பார். நான் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு மணியாகப் பார்த்து, பிசுபிசுப்பு இருந்தால், எழுத்துத் தலைகீழாக நின்றால், பசை வெளியே வழிந்திருந்தால் ஒதுக்குவேன்.

இதில் எங்களுக்குள் ஓயாத சண்டை ஒன்றே ஒன்றுதான். வாடிக்கையாளர் தங்கள் சொந்தத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தால் அதை யாரும் படிக்கக்கூடாது என்பது மதாமின் சட்டம். "வாசிக்காதீங்க. பாருங்க. நமக்கு இது கோடு, நிறம், அவ்ளோதான். அடுத்தவங்க வீட்டு விஷயம் நமக்கு வேணாம்" என்பார். நியாயம்தான். ஆனால் அவரால் முடியும், அவருக்குத் தமிழ் எழுத்து கோலம் மாதிரி. எனக்கு? எட்டாவது வரை படித்தவள் நான். எழுத்தைப் பார்த்தால் அது சொல்லாகத்தான் வந்து விழும். படிக்காமல் பார் என்றால் எப்படிப் பார்ப்பது? இதை நான் சொன்னால், "முயற்சி பண்ணுங்க" என்பார். நானும் எதற்கு வம்பு என்று, வாடிக்கையாளர் தாள் வந்தால் வெட்டுகிற இடத்துக்கே போகாமலிருந்தேன். வெட்டுவதும் சுருட்டுவதும் வசந்தாவின் பொறுப்பு. வசந்தாவுக்குக் கையெழுத்துப் போடமட்டும் வரும். சட்டத்துக்கு அவளைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

இப்போது அந்த ஏரோகிராம் விஷயத்துக்கு வருகிறேன். இது இரண்டாயிரத்துக்குப் பிறகு, பட்டறை நன்றாக ஓடிக்கொண்டிருந்த காலம்.

ஒரு நாள் காலை கலாவதி என்ற அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். குட்டை முடி, பருத்திக் கால்சட்டை. பிரான்சில் இருபத்தைந்து வருடமாக இருப்பவர். வாயைத் திறந்தால் அச்சு அசல் நம்மூர்ப் பேச்சு. மதாமின் மேசைமேல் ஒரு பிஸ்கட் டின்னை வைத்துத் திறந்தார். உள்ளே நீல நிற ஏரோகிராம்கள், எழுதிய தாளையே மடித்து ஒட்டி வெளிநாட்டுக்கு அனுப்புவோமே, அது. இருபத்து மூன்று. அதில் ஒன்றுதான் கிழிந்திருந்தது. மற்ற இருபத்திரண்டும் ஒட்டியது ஒட்டியபடி, பிரிக்காமலே இருந்தன.

"எங்கம்மா எழுதினது. இதுல ஒரு கொலியே பண்ணிக் குடுங்க. என் பொண்ணு கல்யாணம் வருது, அதுக்குப் போட்டுக்கணும்" என்றார். கொலியே என்றால் கழுத்து மாலை.

மதாமின் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டும். பிரிக்காத கடிதங்கள். பாரிசில் அடுத்து வைக்கப்போகிற கண்காட்சிக்குப் போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று அப்போதே கேட்டுவிட்டார். நான் ரசீது எழுதிக்கொண்டிருந்தேன். காபி கொண்டுவந்த வசந்தாதான் மனதில் பட்டதைக் கேட்டாள்.

"ஏம்மா பிரிக்கல?"

"எனக்குத் தமிழ் படிக்க வராது. நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல படிச்சவ. அம்மாவுக்குத் தமிழ் தவிர வேற தெரியாது."

"படிக்கத் தெரிஞ்சவங்ககிட்டக் குடுக்கிறது?"

"மொதல் கடுதாசிய எங்க நாத்தனார்கிட்டக் குடுத்தேன். அவங்கதான் படிச்சாங்க. அம்மா என்னைத் தலை முழுகிட்டேன்னு எழுதியிருந்தாங்களாம்." கலாவதி காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார். "நானா பாத்துக் கட்டிக்கினேன் இல்ல, அந்தக் கோவம். கல்யாணத்துக்கும் வரல. அப்புறம் வந்ததெல்லாம் இன்னா, திட்டுதான் இருக்கும். அதை வேற ஒருத்தர் வாயால கேக்கணுமா?"

"தூக்கிப் போட்டிருக்கலாமே."

"அம்மா கையெழுத்தாச்சே."

அம்மா இருக்கிறாரா என்று மதாம் கேட்டார். இருக்கிறாராம். ரெட்டியார்பாளையத்தில், அந்த அம்மாவின் தம்பி வீட்டில். இங்கிருந்து ஆட்டோவில் அரைமணி நேரம். போய்ப் பார்த்தாரா என்று வசந்தா கேட்க வாயெடுத்தாள். நான் அவள் காலை மிதித்தேன். இன்றைக்கும் அந்த மிதிக்காக என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது. அன்றைக்கே, "குடுங்கம்மா, எனக்குப் படிக்கத் தெரியும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சட்டத்துக்குக் கட்டுப்படுகிற நல்ல தொழிலாளியாக ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன்.

நாலாம் நாள் காலை வசந்தா இருபது மணியை வார்னிஷ் ஏற்றிக் காயவைத்து, தட்டில் அடுக்கி என் மேசையில் வைத்தாள். மாதிரி பார்ப்பதற்கு. நான் பூதக்கண்ணாடியை எடுத்தேன். பசை சுத்தம். உருட்டல் சுத்தம். எழுத்து நேராக நிற்கிறதா என்று பார்த்தேன். முதல் மணியின் வயிற்றில் 'வேப்பிலை' என்று நின்றது. சரி, ஊரிலிருந்து எழுதுகிற அம்மா, வேப்பிலை இருக்கத்தான் செய்யும். அடுத்ததில் 'முத்து'. அதற்கடுத்ததில் ஏதோ பாதி. ஏழாவதோ எட்டாவதோ மணியில் 'ரெண்டாந் தண்ணி' என்று இருந்தது.

பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தேன்.

என் இரண்டு பிள்ளைகளுக்கும் அடுத்தடுத்து அம்மை போட்டிருக்கிறது. வேப்பிலைப் படுக்கை, உடம்பெல்லாம் முத்து, இறங்கத் தொடங்கியதும் நாள் பார்த்து முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர். மூன்றாவது ஊற்றியதும் ஊரெல்லாம் சொல்வோம், தலை முழுகியாச்சு என்று. ஒருவரை உறவே வேண்டாம் என்று கைகழுவினாலும் அதே சொல்தான். தமிழில் இரண்டுக்கும் ஒரே குளியல்.

"வசந்தா, இது எந்தக் கடுதாசி?"

"கிழிஞ்சிருந்ததுக்கா. அதான் ஏற்கனவே பிரிஞ்சி இருக்குதேன்னு மொதல்ல எடுத்தேன். ரெண்டு துண்டா இருந்துச்சு."

"ரெண்டு துண்டா?"

"தப்பான மடிப்புல கிழிச்சிருக்காங்கக்கா. மேல் துண்டு தனி, அடித் துண்டு தனி."

ஏரோகிராமைப் பிரிக்கத் தெரியாதவர்கள் செய்கிற வேலை அது. ஓரத்தில் அறுக்கவேண்டியதை அவசரத்தில் மடிப்பில் கிழித்தால் கடிதம் இரண்டாகிவிடும். நாத்தனார் கைக்கு அடித்துண்டு மட்டும் போயிருக்கிறது, கையெழுத்து அதில்தானே இருக்கும். மேல்துண்டை முகவரிப் பக்கம் என்று நினைத்து ஒதுக்கியிருக்கிறார்கள். நினைக்க நினைக்க எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அவசரமாகக் கிழித்த மகள்மேலா, பாதியைப் படித்துத் தீர்ப்புச் சொன்ன நாத்தனார்மேலா, இத்தனை வருடம் அதை இன்னொருவரிடம் காட்டாத அழுத்தத்தின்மேலா? கடைசியில் வசந்தாமேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவள்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாள்.

தட்டை எடுத்துக்கொண்டு மதாமிடம் போனேன்.

"மதாம், இதைப் படிச்சிட்டேன்."

அவர் தலை நிமிர்ந்தார். "வாசிச்சீங்களா?"

"ஆமா. வேலைய விட்டு அனுப்புறதுன்னா அனுப்புங்க. அதுக்கு முன்னால நான் சொல்றதைக் கேளுங்க."

சொன்னேன். அம்மை என்றால் அவருக்குத் தெரியும், தண்ணீர் ஊற்றுவதுதான் தெரியவில்லை. இரண்டு தடவை விளக்கவேண்டியிருந்தது. முழுதும் கேட்டுவிட்டுத் தட்டை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்காட்சிக்கு எடுத்த போட்டோக்கள் அவருக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்தன. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தார்.

"எத்தனை கடிதம் வெட்டியாச்சு?"

"மூணு."

"எத்தனை மணி சுருட்டியாச்சு?"

"அறுபத்து நாலு."

"வார்னிஷ்?"

"இந்த இருபதுதான். எல்லாம் மொதல் கடுதாசி."

"மிச்சத்தைப் பிரிக்க முடியுமா?"

அதுவரை எங்கள் பட்டறையில் யாரும் மணியைப் பிரித்ததில்லை. சுருட்டத்தான் பழகியிருந்தோம். மைதாப் பசை வெந்நீருக்கு விடும் என்பது எனக்குத் தெரியும். மை கலைந்துவிடுமோ என்பதுதான் பயம். நல்லவேளை, அந்த அம்மா பால்பேனாவில் எழுதியிருந்தார். ஊற்றுப்பேனாவாக இருந்திருந்தால் எல்லாம் நீலத் தண்ணீராகப் போயிருக்கும்.

மூன்று தாம்பாளத்தில் கைபொறுக்கிற சூட்டில் தண்ணீர் ஊற்றினோம். ஒரு தட்டில் பத்து மணிக்குமேல் போடவில்லை. ஊறியதும் நகத்தால் முனையை நெம்பக்கூடாது, கிழியும். கோழி இறகால் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தால் முனை தானாகக் கிளம்பும். பிறகு அந்த முனையைப் பிடித்துக்கொண்டு மணியைத் தண்ணீருக்குள்ளேயே உருட்டவேண்டும். வெளியே எடுத்தால் ஈரத்தாள் தன் கனத்திலேயே அறுந்துபோகும். பிரிந்த பட்டையை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக் காயவிட்டோம். மதாம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்களோடு தரையில் உட்கார்ந்தார். ஒரு பட்டையை அறுத்துவிட்டு, "மன்னிச்சிடுங்க" என்று யாரிடமோ சொன்னார். எங்களிடமா, அந்த அம்மாவிடமா தெரியவில்லை. நாற்பத்து நாலு மணியும் பிரிய ஒரு முழு நாள் ஆயிற்று.

மறுநாள் நான் அவற்றை வெட்டிய வரிசையில் பக்கம் பக்கமாக வைத்துப் படித்தேன். முதல் கடிதத்தில் பெரும்பகுதி அந்த இருபது மணிக்குள் இறுகிப்போயிருந்தது. பத்துப் பட்டைதான் மிஞ்சியது. அதில் அடித்துண்டின் வரிகள் கிடைத்தன. 'நீ வருவாய் என்று பார்த்தேன். நீ வரவில்லை. செவ்வாய்க்கிழமையோடு தலை முழுகிவிட்டேன். இனி ஒரு கவலையும் இல்லை.' நாத்தனாரைக் குறை சொல்ல முடியாது. இதை மட்டும் படித்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். மூன்றாம் கடிதத்தில் ஊர் விஷயம்தான். இரண்டாம் கடிதம் கிட்டத்தட்ட முழுசாகக் கிடைத்தது. 'போன கடுதாசியில் அம்மை போட்டிருக்கிறது என்று எழுதினேனே, பயந்துவிடாதே. தண்ணீர் ஊற்றி எல்லாம் நன்றாக ஆகிவிட்டது. கன்னத்தில் மட்டும் தழும்பு நிற்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? பதில் போடு.'

கலாவதியை வரவழைத்தோம். மாலையைப் போட்டுப் பார்க்கக் கூப்பிடுகிறோம் என்று நினைத்து வந்தவர், கண்ணாடிமேல் ஒட்டிக்கிடந்த பட்டைகளைப் பார்த்து நின்றுவிட்டார். மதாம் நாற்காலியை நகர்த்திப் போட்டார். நான் படித்தேன். "திரும்பப் படிங்க" என்றார். படித்தேன். மூன்றாவது முறை நான் தொடங்கியபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"உங்கள யாரு படிக்கச் சொன்னது?"

நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவங்கதான் என்னை வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு நான் பாட்டுக்கு இருந்தேன். அது அவங்க பாடுன்னு இருந்தேன். இப்ப இன்னா ஆச்சு? நான்தான் வேணாம்னு இருந்திருக்கேன். இதை எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாடிக்கையாளர் என்றும் பார்க்கவில்லை. "ரெட்டியார்பாளையத்துல கொண்டுபோய் வைங்க. அரைமணி நேரம்தான்" என்று சொல்லிவிட்டேன். மதாம் என்னைப் பார்த்தார்.

கலாவதி அன்று போய்விட்டார். டின்னை எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்து, மீதி இருபதையும் படிக்கச் சொன்னார். ஒவ்வொன்றையும் நான் பிளேடால் சரியான ஓரத்தில் அறுத்துப் பிரித்தேன். இரண்டு மத்தியானம் ஆயிற்று. திட்டு ஒன்றுகூட இல்லை. குழாயில் தண்ணீர் வராதது, அப்பாவின் பென்ஷனுக்காகக் கையெழுத்துப் போடப் போய் வரிசையில் நின்றது, மாமா பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது, இப்படித்தான். சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர் வீட்டம்மா என்பதால் பென்ஷன் ஆபீசில் நாற்காலி போட்டார்கள் என்று ஒன்றில் பெருமையாக எழுதியிருந்தார். ஒன்பதாவதிலோ பத்தாவதிலோ, 'பக்கத்து வீட்டில் போன் வைத்திருக்கிறார்கள். உன் நம்பரை எழுது, நான் பேசுகிறேன்' என்று இருந்தது. அதற்கடுத்த நாலு கடிதத்திலும் நம்பர் கேட்டிருந்தார். அதன் பிறகு கேட்கவில்லை. கடைசிக் கடிதத்தில் எழுத்து பெரிது பெரிதாக, கோணலாக இருந்தது. 'கண் சரியாகத் தெரியவில்லை. இனி எழுத முடியுமோ என்னவோ. பதில் போடு.' கலாவதி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. டின்னின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"நீங்க கூட வருவீங்களா?" என்று கேட்டார்.

நான் எதற்கு? எனக்கும் அந்தக் குடும்பத்துக்கும் என்ன சம்பந்தம்? அதைத்தான் சொல்ல நினைத்தேன். மதாம் சுவரிலிருந்த போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பிய்த்து உறையில் போட்டுக் கலாவதியிடம் கொடுத்துவிட்டு, "போய்ட்டு வாங்க பாக்கியம். இன்னிக்கு உங்களுக்கு லீவு இல்ல, இது வேலைதான்" என்றார். போனேன்.

வார்னிஷ் ஏறிய அந்த இருபது மணியும் கலாவதியிடம்தான் இருக்கின்றன. கோக்க வேண்டாம் என்று சொல்லி ஒரு கைக்குட்டையில் முடிந்து வாங்கிக்கொண்டார்.

ரெட்டியார்பாளையத்தில் மெயின்ரோட்டிலிருந்து இரண்டாவது குறுக்குத்தெரு. வீடு கண்டுபிடிக்கக் கஷ்டமாக இல்லை. வாசலில் நின்ற மாமா கலாவதியைப் பார்த்து வாயைத் திறந்தவர், மூடவில்லை. உள்ளே கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் முறம். முருங்கைக்கீரையைக் கண்ணால் பார்க்காமல் விரலாலேயே உருவிக்கொண்டிருந்தார். கன்னத்தில் தழும்பு இருந்தது.

"அம்மா" என்றார் கலாவதி. ஆட்டோவில் வழிநெடுகப் பேசிப் பார்த்துக்கொண்டு வந்த வசனமெல்லாம் எங்கே போயிற்றோ. நானே ஏதாவது சொல்லித் தொலைக்கலாமா என்று இருந்தது எனக்கு.

கீரை உருவிய கை நின்றது. அந்த அம்மா குரல் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பினார்.

"கடுதாசி வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

"எப்ப?"

கலாவதி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"இப்பதாம்மா. இந்த வாரந்தான் வந்துச்சு."

அந்த அம்மா முறத்தை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார்.

"பிரான்சுத் தபாலு அப்டித்தான், லேட்டாத்தான் வரும்" என்று சொல்லிவிட்டு, பக்கத்து நாற்காலி எங்கே இருக்கிறது என்று கையால் துழாவி, அதை மகளுக்காக இழுத்துப் போட்டார்.